வாடகை வீடு, எட்டு மணி நேர மின்தடை: பவர் ஸ்டேஷன் 500 போதுமா, 1000 வேண்டுமா, 2000 வாங்கணுமா?

திருநகர்வாசி

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறோம். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். அம்மாவுக்கு ஆஸ்துமா, காலையும் இரவும் நெபுலைசர் வைக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு கரண்ட்டை நிறுத்தினால் சாயங்காலம் 5 வரை வராது. கோடை மழைக்கு முன்னால் காற்றடித்து, கிளை முறிந்து போகிற கரண்ட் தனி.

இன்வெர்ட்டர் வைக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. சுவரைத் தொடக்கூடாது, வயரிங்கில் கை வைக்கக்கூடாது என்கிறார். அதனால் பேட்டரியும் பிளக் பாயிண்ட்டும் ஒன்றாக, தூக்கிப் போகிற மாதிரி வருகிற பவர் ஸ்டேஷன் பெட்டி ஒன்று வாங்கலாம் என்று யோசனை. ஒரு கடையில் 500 தாராளம் என்றார்கள், இன்னொரு கடையில் 2000-க்குக் கீழே வாங்கினால் வீண் என்றார்கள். இரண்டு பேருமே என்னென்ன ஓட்டப் போகிறேன் என்று கேட்கவில்லை.

ஓட வேண்டியவை: சீலிங் ஃபேன் ஒன்று, லேப்டாப், மானிட்டர், வைஃபை, நெபுலைசர், இரண்டு போன். ஃப்ரிட்ஜும் ஓடினால் நல்லது. எப்படிக் கணக்குப் போடுவது?

கேகேநகர்_குமரன்

2000 வாங்கிப் போடுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. சின்னதை வாங்கிவிட்டு அப்புறம் பெரியதுக்கு அலைவது இரட்டைச் செலவு.

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

கண்ணைத் திறந்தே வாங்கலாம் சார், அவசரம் இல்லை. 2000 பெட்டி இருபது கிலோ பக்கம் வரும். மாடிப்படியில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

மேடம், முதலில் இரண்டு எண்ணைப் பிரித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் சொல்லும் "500", "1000" வாட்டா, வாட் அவரா என்று கேளுங்கள். வாட் என்பது ஒரே நேரத்தில் எவ்வளவு சுமையைத் தாங்கும் என்பது. வாட் அவர் என்பது எவ்வளவு நேரம் தாங்கும் என்பது. சில பெட்டிகளில் "1000" என்று பெரிதாகப் போட்டிருக்கும், அது வாட். உள்ளே பேட்டரி 500 வாட் அவர்தான் இருக்கும். ஈபி பில்லில் வருகிற ஒரு யூனிட் 1000 வாட் அவர். அதை மனதில் வைத்துக்கொண்டால் யாரும் உங்களைக் குழப்ப முடியாது.

அடுத்தது முக்கியம். சீலிங் ஃபேனை மறந்துவிடுங்கள். அது வீட்டு வயரிங்கில் சுவிட்ச் போர்டு வழியாக ஓடுகிறது. பவர் ஸ்டேஷனில் இருப்பது பிளக் பாயிண்ட் மட்டும்தான். வயரிங்கைத் தொடாமல் சீலிங் ஃபேனுக்குக் கொண்டுபோக வழியில்லை. இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயர் ஒன்றைச் செய்து, பெட்டியிலிருந்து சுவர் பாயிண்ட்டுக்கே கரண்ட் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யவே செய்யாதீர்கள். அந்தக் கரண்ட் மீட்டர் தாண்டி லைனுக்குப் போகும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஆளின் உயிர் போய்விடும். திடீரென்று ஈபி கரண்ட் வந்தால் பெட்டியும் வெடிக்கலாம்.

ஸ்டாண்ட் ஃபேன் வாங்குங்கள். அதிலும் பிஎல்டிசி என்று சொல்லும், கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் போட்டது.

திருநகர்வாசி

சீலிங் ஃபேன் விஷயம் யாருமே சொல்லவில்லை அண்ணே, நன்றி. ஸ்டாண்ட் ஃபேன் எவ்வளவு இழுக்கும்?

நாகமலை_ஓய்வு

ஓய்வு பெற்ற பாலிடெக்னிக் ஆசிரியன். எலக்ட்ரீசியன் தம்பி சொன்ன இடத்திலிருந்து தொடர்கிறேன்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஸ்டாண்ட் ஃபேன் 35 வாட் அளவில் முடிந்துவிடும். எட்டு மணி நேரத்துக்கு 600 எங்கே, 280 எங்கே! பேட்டரியைப் பெரிதாக்குவதைவிட ஃபேனை மாற்றுவது மலிவு. வீடு மாறும்போது ஃபேனும் கூடவே வரும்.

இப்போது உங்கள் பட்டியல். அடாப்டரில் 65 வாட் என்று அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு. சார்ஜ் ஏறி முடிந்த லேப்டாப் சாதாரண வேலைக்குச் சராசரியாக 30 வாட்டைத் தாண்டாது. மானிட்டர் 25. வைஃபை ரவுட்டரும் ஃபைபர் பெட்டியும் சேர்ந்து 12. நெபுலைசர் 120 வாட் இருக்கலாம், ஆனால் ஓடுவது கால் மணி நேரம். இரண்டு தடவைக்கே சேர்த்தாலும் 60 வாட் அவர்தான். போன் ஒன்றுக்கு 15.

எட்டு மணி நேரத்துக்குக் கூட்டினால் ஃபேன் 280, லேப்டாப் 240, மானிட்டர் 200, வைஃபை 100, நெபுலைசர் 60, போன்கள் 30. மொத்தம் 910.

இத்தோடு கணக்கு முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் மூன்று மணிக்கே பெட்டி அணைந்துவிட்டது என்று கடையில் போய்ச் சண்டை போடுகிறார்கள். பேட்டரியில் இருப்பது டிசி. அதை வீட்டுக் கரண்ட்டான 230 வோல்ட் ஏசியாக மாற்றும்போது பத்து, பதினைந்து சதவீதம் சூடாகப் போய்விடும். 910-ஐ 0.85-ஆல் வகுத்தால் 1070. பெட்டியின் ஏசி சுவிட்சைப் போட்டு வைத்தாலே, எதுவும் ஓடாவிட்டாலும், அதற்கென்று பத்து வாட் போகும். எட்டு மணி நேரத்துக்கு 80. ஆக 1150. சுத்தமாகக் காலியாகும்வரை ஓட்ட வேண்டாம், பத்து சதவீதம் மிச்சம் வையுங்கள். கிட்டத்தட்ட 1280 வாட் அவர் வருகிறது.

500 போதாது. 2000 தேவையில்லை. 1000-க்குள் அடங்குமா என்றால், கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் அடங்கும்.

கேகேநகர்_குமரன்

சார், அப்போ நான் சொன்னதுதானே வருகிறது? 1280-க்கு 1000 பத்தாது. அடுத்த சைஸ் 2000.

நாகமலை_ஓய்வு

கடைசி வரியையும் படியுங்கள் தம்பி.

மானிட்டரை அன்றைக்கு ஒரு நாள் அணைத்துவிட்டு லேப்டாப் திரையிலேயே வேலை பார்த்தால் 200 மிச்சம். காலை 9 மணிக்கு லேப்டாப்பும் போன்களும் நூறு சதவீதம் ஏறியிருந்தால் இன்னொரு 80 மிச்சம். லேப்டாப்புக்குள் இருப்பதும் பேட்டரிதானே. 910-இல் 280 போனால் 630. 0.85-ஆல் வகுத்து, 80 சேர்த்தால் 820. பத்து சதவீத மிச்சத்தோடு 910. 1000 வாட் அவர் பெட்டியில் உட்கார்ந்துவிடும்.

2000 பெட்டியில் இன்வெர்ட்டரும் பெரிது. சும்மா இருக்கும்போது இழுப்பதும் அதற்கேற்ப அதிகம். 35 வாட் ஃபேனுக்காக அதை நாள் முழுக்க விழிக்க வைப்பது வீண்.

மைக்செட்_மேலூர்

மேலூர்ப் பக்கம் மைக்செட் போடுகிறவன் நான். திருவிழாவில் சின்ன வேலைகளுக்கு ஜெனரேட்டரை விட்டுவிட்டு பெட்டிக்கு மாறிவிட்டேன். சத்தம் கிடையாது, புகை கிடையாது. சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தலுக்கு நாலு எல்இடி டியூபும் ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரும் ராத்திரி பூராவும் ஓடும்.

லேபிளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். "80,000 எம்ஏஎச்", அதாவது 80 ஆம்பியர் அவர், என்று போட்டு ஒருவர் எனக்கு விற்க வந்தார். கேட்பதற்கு பஸ் பேட்டரி மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் லித்தியம் செல்லின் வோல்டேஜ் 3.7. 80 ஆம்பியர் அவரை 3.7-ஆல் பெருக்கினால் 296 வாட் அவர். அவ்வளவுதான். அதே 80 ஆம்பியர் அவர் 12 வோல்ட் பேட்டரியில் இருந்தால் 960 வரும். எம்ஏஎச் மட்டும் எழுதி வாட் அவர் எழுதாத பெட்டியை நான் தொடுவதில்லை.

இன்னொன்று, "பீக் 1200 வாட்" என்று எழுதியிருப்பார்கள். அது ஓரிரு நொடிக்கு. தொடர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கீழே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் படியுங்கள்.

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

மைக்செட் அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு. ஆனால் சொந்த வீடாக இருந்தால் நான் இன்றும் 150 ஆம்பியர் அவர் டியூபுலர் (தண்ணீர் ஊற்றுகிற ஈய-அமில வகை) பேட்டரியும் இன்வெர்ட்டரும்தான் சொல்வேன். அதே காசுக்கு பவர் ஸ்டேஷனில் பாதி கூட வராது. பழுதானால் தெருமுனையிலேயே ஆள் இருக்கிறார். இந்தப் பெட்டி பழுதானால் எங்கே கொண்டுபோவீர்கள்?

மைக்செட்_மேலூர்

அண்ணே, டியூபுலரில் 12 வோல்ட் × 150 என்று 1800 கணக்குக் காட்டுவீர்கள். அந்த 150 இருபது மணி நேரத்தில் மெதுவாக இழுத்தால் கிடைப்பது. அதாவது 90 வாட் சுமைக்கு. 500 வாட் போட்டால் அவ்வளவு வராது. தினமும் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுசும் குறையும். டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும், ஐம்பது அறுபது கிலோ எடை. வாடகை வீட்டுக்கு வீடு அதைத் தூக்கிக்கொண்டு போக முடியுமா?

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

வாடகை வீட்டுக்கு நானும் பெட்டிதான் சொன்னேன் அண்ணே. சொந்த வீட்டைப் பற்றித்தான் பேசுகிறேன். மாதத்துக்கு ஒருநாள், இரண்டு நாள் கட்டுக்கு ஆழமாக இறங்குவது ஒரு பெரிய விஷயமே இல்லை. 2012-இல் நாள் பாதி கரண்ட் இல்லாமல் இருந்தபோது இந்த டியூபுலர்தான் மதுரையைக் காப்பாற்றியது.

புதுமண்டபம்_தையல்

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கிறேன். பெரிய மெஷின், கீழே மோட்டார் தொங்குமே அது. தீபாவளி சீசனில் கரண்ட் போனால் கை ஒடிந்த மாதிரி. எனக்கும் 1000 போதுமா? இஸ்திரிப் பெட்டியும் ஓட்டணும்.

நாகமலை_ஓய்வு

அம்மா, உங்கள் மோட்டார் பழைய கிளட்ச் மோட்டாரா, சர்வோ மோட்டாரா? சுவிட்சைப் போட்டதும் மிதிக்காமலே உறுமிக்கொண்டு சுற்றினால் கிளட்ச். அது நீங்கள் நூல் கோத்துக்கொண்டு இருக்கும்போதும் கரண்ட் தின்னும். கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும், சின்னப் பெட்டி அந்த இடத்திலேயே தன்னை அணைத்துக்கொள்ளும். சர்வோ மோட்டார் மிதித்தால்தான் இழுக்கும். மோட்டாரை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். கரண்ட் பில்லிலும் தெரியும்.

இஸ்திரிப் பெட்டி 1000 வாட். 1000 வாட் அவர் பேட்டரி முக்கால் மணி, ஐம்பது நிமிடத்தில் காலி. சூடாக்குகிற எதையும் பேட்டரியில் ஓட்டக்கூடாது. இஸ்திரி, ஹீட்டர், இண்டக்ஷன், கெட்டில் எல்லாம் அந்த ஜாதி.

புதுமண்டபம்_தையல்

கிளட்ச்தான் சார், உறுமுகிறது. சரி, மோட்டாரைப் பார்க்கிறேன். இஸ்திரிக்குக் கரிப்பெட்டி மச்சில் கிடக்கிறது, இறக்கிவிட வேண்டியதுதான்.

உசிலம்பட்டி_தோட்டம்

வீட்டுக்கு ஒரு ஹெச்பி சப்மெர்சிபிள் பம்பு இருக்கிறது. ஒரு ஹெச்பி என்றால் 746 வாட்தானே? அதற்கு 1000 வாட் பெட்டி போதுமா?

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

போதாது. 746 என்பது மோட்டார் வெளியே கொடுக்கும் சக்தி. உள்ளே இழுப்பது 1100-க்கு மேலே. கிளம்பும்போது அதைப்போல மூன்று நாலு மடங்கு ஒரு கணம் இழுக்கும். அதற்கெல்லாம் பெட்டி வாங்கினால் காசு கரியாகும். முந்தின நாள் ராத்திரியே மேல்தொட்டியை நிரப்பி வைத்துவிடுங்கள். மின்தடை நாளில் மாடியில் நிற்கும் தண்ணீர்தான் உங்கள் பேட்டரி.

திருநகர்வாசி

ஃப்ரிட்ஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே? 190 லிட்டர், ஒற்றைக் கதவு. ஸ்டார் லேபிளில் வருஷத்துக்கு 170 யூனிட் என்று இருக்கிறது.

நாகமலை_ஓய்வு

லேபிளைப் பார்த்தீர்களே, அதுவே பெரிது. 170-ஐ 365-ஆல் வகுத்தால் நாளைக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, 465 வாட் அவர். எட்டு மணி நேரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு, 155. நம்மூர் வெயிலுக்கும் கதவு திறப்பதற்கும் சேர்த்து 200 என்று வையுங்கள்.

ஓடும்போது 100 வாட் சுமார் என்றாலும் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு கேட்கும். பெட்டியின் தொடர் திறன் 1000 வாட்டாக இருந்தால் இந்த அளவு ஃப்ரிட்ஜைப் பெரும்பாலும் தாங்கும், 300 வாட் பெட்டி தாங்காது. ஆனால் உங்கள் 1000 வாட் அவரில் இதற்கு இடம் இல்லை. கதவைத் திறக்காமல் விட்டால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். முந்தின இரவு ஃப்ரீசரில் தண்ணீர் பாட்டில்களைக் கட்டியாக உறைய வைத்து, காலையில் இரண்டைக் கீழ்த்தட்டில் வையுங்கள். மதியம் ஒரு மணி வாக்கில் பெட்டியில் 40 சதவீதத்துக்கு மேல் இருந்தால் ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குக் கொடுங்கள். இல்லையென்றால் விடுங்கள். இன்சுலின் வைத்திருக்கும் வீடு என்றால் கணக்கு வேறு, அப்போது ஃப்ரிட்ஜ் பட்டியலின் முதலில் வர வேண்டும்.

நரிமேடு_நைட்ஷிப்ட்

கொஞ்சம் பெரிய கேள்வி. எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் வருகிறது. ஒரு பெரிய பவர் ஸ்டேஷனும் சோலார் பேனலும் வாங்கி, தினமும் வீட்டை அதிலேயே ஓட்டி ஈபி பில்லைக் குறைக்க முடியாதா?

நாகமலை_ஓய்வு

300-ஐ 60 நாளால் வகுத்தால் நாளைக்கு 5 யூனிட், 5000 வாட் அவர். மேலே உள்ள 1000 பெட்டி ஐந்து வேண்டும், இழப்பைச் சேர்த்தால் ஆறு. இதுதான் வீட்டின் தினசரித் தேவை என்பது. மின்தடை நாள் தேவை அதில் ஐந்தில் ஒரு பங்கு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதில்தான் 2000, 5000 என்று விற்கிறார்கள்.

200 வாட் பேனல் நம்மூர் மொட்டை மாடியில் உச்சி வெயிலில் 150 கொடுத்தாலே நல்லது. சூடானால் பேனலின் திறன் டிகிரிக்கு 0.4 சதவீதம் வீதம் இறங்கும். 200 என்பது 25 டிகிரியில் அளந்து அச்சிட்ட எண். சித்திரை வெயிலில் பேனல் 65 டிகிரிக்குப் போனால் 16 சதவீதம் அங்கேயே போச்சு. ஒரு நாளைக்கு 700, 800 வாட் அவர் எதிர்பாருங்கள். ஐந்து யூனிட்டுக்கு எத்தனை பேனல் என்று நீங்களே வகுத்துக்கொள்ளுங்கள். முதலில் கொஞ்சம் யூனிட் இலவசம் வேறு.

பில்லைக் குறைக்க வேண்டும் என்றால் சொந்தக் கூரையில் ஈபியோடு இணைத்த சோலார்தான் வழி. 2024-இல் வந்த பிஎம் சூரிய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. ஆனால் ஒன்று: பேட்டரி இல்லாத அந்த வகை சோலார், ஈபி கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். எலக்ட்ரீசியன் தம்பி சொன்ன அதே காரணம், லைனில் ஆள் வேலை பார்ப்பார். பில்லுக்கு அது, மின்தடைக்கு இது. ஒன்று மற்றதன் வேலையைச் செய்யாது.

மைக்செட்_மேலூர்

பேனல் வாங்குகிறவர்கள் பெட்டி எத்தனை வோல்ட் வரை வாங்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பேனலை வரிசையில் போட்டால் வோல்டேஜ் இரட்டிப்பாகும். பெட்டியின் அளவைத் தாண்டினால் உள்ளே புகைதான். பேனல் வெயிலில் இருக்கட்டும், பெட்டி நிழலில் இருக்கட்டும். ஷீட் போட்ட அறையில் வைத்தால் சித்திரை, வைகாசியில் சார்ஜ் ஏறாது. 45 டிகிரி பக்கம் போனால் பல பெட்டிகள் தானே சார்ஜை நிறுத்திக்கொள்ளும். பழுது இல்லை, அதன் காவல்.

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

மேடம், வாங்கும்போது எல்எஃப்பி என்று சொல்லும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியா என்று பாருங்கள். 3000 தடவைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் 80 சதவீதம் நிற்கும். சூட்டையும் கொஞ்சம் பொறுக்கும். பழைய வகை லித்தியம் எடை குறைவு, ஆனால் ஆயிரம் தடவைக்குள் தளர்ந்துவிடும். சுத்தமான சைன் அலைதானா, அதாவது ஈபி கரண்ட் மாதிரியே வருமா என்றும் கேளுங்கள். நெபுலைசருக்கும் ஃபேனுக்கும் அது வேண்டும்.

திருநகர்வாசி

எல்லோருக்கும் நன்றி. 1024 வாட் அவர் எல்எஃப்பி பெட்டியும் பிஎல்டிசி ஸ்டாண்ட் ஃபேனும் வாங்கினேன். பேப்பரில் "நாளைய மின்தடை" பகுதியில் திருநகர் பெயர் வந்ததும் முந்தின இரவே முழுதாக ஏற்றி வைத்தேன். மானிட்டர் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை. லேப்டாப்பை யுஎஸ்பி சி வழியாக நேராகப் போட்டேன். 5 மணிக்கு 24 சதவீதம் இருந்தது. நெபுலைசர் ஓடும்போது பெட்டித் திரையில் 108 வாட் காட்டியது.

மற்ற நாளில் எவ்வளவு சார்ஜில் வைக்க வேண்டும்?

நாகமலை_ஓய்வு

60, 70 சதவீதத்தில் வையுங்கள். நூறில் மாதக்கணக்கில் வெக்கையில் கிடந்தால் செல் சீக்கிரம் முதுமையாகும். காற்று மழைக் காலத்தில் மட்டும் 80, 90-க்கு ஏற்றிக்கொள்ளலாம், சொல்லாமல் போகிற கரண்ட் அப்போதுதான் அதிகம்.

நரிமேடு_நைட்ஷிப்ட்

எங்கள் தாத்தாவுக்கு ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர், 5 லிட்டர். இதே பெட்டி போதுமா?

ஒத்தக்கடை_எலக்ட்ரீசியன்

அது 300-இலிருந்து 350 வாட் தொடர்ந்து இழுக்கும். 1024-இல் கையில் கிடைப்பது 870 என்றால் இரண்டரை மணி நேரம். எட்டு மணி நேர மின்தடைக்கு இது ஆகாது. பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிரப்பிய சிலிண்டர் ஒன்று வீட்டில் இருக்கட்டும், டாக்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கருவியின் மாடல் எண்ணை இங்கே போடுங்கள், எவ்வளவு இழுக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.